எந்த ஏடு மெய்யேடு?
ஆலத்தூர் மருந்து ஆலைகளை முன்வைத்து விநியோகச் சங்கிலி மென்பொருள் பற்றிய ஒரு விசாரணை

1. கேள்வி

பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிப் போகிறவருக்கு முதலில் சிறுசேரி சிப்காட் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் தென்படும். கேளம்பாக்கம், தையூர் தாண்டினால் திருப்போரூர். கந்தசாமி கோயிலை விட்டு இன்னும் சில கிலோமீட்டர் போனால் ஆலத்தூர்; அங்கே சிட்கோவின் மருந்துத் தொழிற்பேட்டை. சாலையின் வடமுனையில் இருப்பவர்கள் உலகப் பெருநிறுவனங்களின் சரக்கு எந்தக் கிடங்கில் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் மென்பொருள்களை எழுதியும் பராமரித்தும் பிழைக்கிறார்கள். தென்முனையில் மாத்திரையும் ஊசிமருந்தும் சொட்டுமருந்தும் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிறுதொழில்களின் பொது வழக்கம் என்னவோ அதுதான் இத்தகைய ஆலைகளிலும்: கணக்குக்கு ஒரு மென்பொருள், சரக்குக்கு எக்செல் தாள், ஸ்டோர் ரூமில் ஒரு நீளநோட்டு. இரண்டு முனைகளுக்கும் இடையே சுமார் அரைமணி நேரப் பயணம்தான்.

இந்தச் சிறு ஆலைகள் இப்போது விநியோகச் சங்கிலி மென்பொருளை வாங்கியே ஆகவேண்டிய நெருக்கடியில் இருக்கின்றன. நெருக்கடி வாடிக்கையாளரிடமிருந்தும் வருகிறது, அரசிடமிருந்தும் வருகிறது. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘எந்த மென்பொருள் நல்லது?’ என்பது. இது விற்பவருக்கு வசதியான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கு முன்னால் நிற்கும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: இப்படி ஒரு மென்பொருளை வாங்கும் ஆலை உண்மையில் எதைத் தேர்கிறது?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சரக்கைப் பற்றி ஓர் ஆலைக்குள் மூன்று நான்கு ஏடுகள் இருக்கும். அவற்றில் எது மெய்யேடு, முரண்பட்டால் எதன் சொல் செல்லும் என்பதே தேர்வு. அந்தத் தேர்வை மென்பொருள் செய்து தராது. வரவை எழுதுகிற ஆளுக்கு, அதை உரிய நேரத்தில் உண்மையாக எழுதுவதில் என்ன அக்கறை இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஏடு மெய்யாகவும் பொய்யாகவும் ஆகிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்ற சொற்றொடருக்கு வயது அதிகமில்லை. 1982இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் அதைப் பொதுவெளியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. செயலுக்கு வயது அதிகம். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், மூன்றாண்டுத் தவணையில் அனுப்பிய ஏஜெண்டுகளிடமிருந்து கணக்கை ஊருக்கு வரவழைத்து ஐந்தொகை கட்டியது, தொலைவில் இருக்கும் இருப்பை ஏட்டின் வழியே ஆளும் கலைதான். அங்கே பண்டம் பணம், இங்கே மாத்திரை.

மேலாண்மை இலக்கியத்தில் இரண்டு கருத்துகள் நமக்குத் தேவை. 1997இல் ஹாவ் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் ‘சாட்டை விளைவு’ என்பதை விளக்கினார்கள். கடையில் தேவை சிறிது அசைந்தால் மொத்த வியாபாரியிடம் அது பெரிதாகவும் ஆலையிடம் மிகப் பெரிதாகவும் போய்ச்சேரும், சாட்டையின் பிடியில் சிறு அசைவு நுனியில் பேரசைவாவதைப் போல. ஒவ்வொருவரும் அடுத்தவரின் ஆர்டரை மட்டுமே பார்க்கிறார்கள், உண்மையான விற்பனையைப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று. தகவலைப் பகிர்ந்தால் தீரும் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது. மென்பொருள் விற்பனையின் பெரும்பகுதி இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

1998இல் தாமஸ் டேவன்போர்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் எச்சரிக்கை. நிறுவனம் முழுவதையும் இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள் தன்னுடைய தர்க்கத்தை நிறுவனத்தின்மேல் சுமத்தும் என்றார் அவர். அதன்பின் விவாதம் இரண்டு அணியானது. மென்பொருளுக்கு ஏற்ப வேலைமுறையை மாற்று என்பது ஓர் அணி. வேலைமுறைக்கு ஏற்ப மென்பொருளைத் திருத்து என்பது மற்றது. இரண்டு அணிகளும் சொல்லாமலே ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: உள்ளே போகிற பதிவு உண்மையானது என்பது. எனக்கு அங்கேதான் ஐயம்.

3. இரண்டு சரிவுகள்

மருந்துத் தொழிலுக்கு நெருக்கமானது ஃபாக்ஸ்மேயர் கதை. அமெரிக்காவின் நான்காவது பெரிய மருந்து மொத்த வியாபார நிறுவனம் அது. ஆண்டு விற்பனை 500 கோடி டாலர் அளவில். 1993இல் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் ஆர்/3 மென்பொருளையும், தானியங்கிக் கிடங்குக்கென இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளையும் ஒரே நேரத்தில் நிறுவத் தொடங்கியது. 1996இல் திவால் மனு. பழைய பெருங்கணினி ஓர் இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டது, புதிய அமைப்பு 10,000தான் கையாண்டது என்பது நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்ட கணக்கு. 1998இல் திவால் பொறுப்பாளர் மென்பொருள் நிறுவனத்தின்மேலும் ஆலோசனை நிறுவனத்தின்மேலும் தலா 50 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கண்ணில் படுவது வேறு. மூடப்படவிருந்த பழைய கிடங்குகளின் தொழிலாளர்களுக்குப் புதிய தானியங்கிக் கிடங்கு என்பது வேலை போகும் செய்தி. மனம் விட்டவர்களிடம் சரக்கு சேதமானது. ஆர்டர்கள் நிறைவேறாமல் கிடந்தன. புதிய ஏடு உண்மையாக இருப்பதில் அவர்களுக்கு ஒரு பைசா அக்கறைகூட இல்லை. அக்கறை இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் வேடிக்கை.

இரண்டாவது, ஜெர்மானிய மளிகைச் சங்கிலியான லிடில். ஏழாண்டு வேலை, சுமார் 50 கோடி யூரோ செலவு. 2018இல் திட்டம் கைவிடப்பட்டது. பிரச்சினையின் வேர் ஒன்று வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. லிடில் தன் கையிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கமுடையது. வாங்கிய மென்பொருளின் இயல்பான முறை விற்பனை விலையில் மதிப்பிடுவது. லிடில் தன் வழக்கத்தை மாற்ற மறுத்தது, மென்பொருளைத் திருத்தத் திருத்த அது சிக்கலாகிக்கொண்டே போனது. இருப்புக்கு எந்த விலை போடுவது என்பதை நம் ஊர் மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை முதல் நாளே கேட்டிருப்பார். ஏட்டின் முதல் பத்தியைப் பற்றிய உடன்பாடு இல்லாமல் ஏழாண்டு ஏடு எழுத முடிந்திருக்கிறது என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

4. எழும்பூர் பாஸ் புத்தகம்

தோல்விகளை மட்டும் வைத்து வாதாடுவது எளிது. வென்ற எடுத்துக்காட்டு வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. எழும்பூரிலிருந்து இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குவது அதன் வேலை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று. அதாவது ஒரு மாநிலம் முழுவதற்குமான மருந்துச் சங்கிலி, இணையம் வருவதற்கு ஏழு மாதம் முந்தியே ஓடத் தொடங்கிவிட்டது. கழகம் தொடக்கத்திலிருந்தே கணினியைப் பயன்படுத்தியது உண்மை; பின்னாளில் மென்பொருள் வளர்ந்ததும் உண்மை. ஆனால் அதன் உயிர்நிலை மூன்று எளிய விதிகளில் இருந்தது என்பது என் கருத்து.

முதலாவது பாஸ் புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று ஒதுக்கி, அதை வங்கிப் புத்தகம்போல ஒரு புத்தகத்தில் வரவு வைத்தார்கள். கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் மதிப்பு கழிக்கப்பட்டு, மீதி எழுதப்படும். இந்த அமைப்பின் நுட்பத்தை நின்று பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய முறைகளில் மருந்தாளுநர் இன்டென்ட் போடும்போது கூடுதலாகக் கேட்பதே புத்திசாலித்தனம். கேட்டதில் பாதிதான் வரும் என்று அவருக்குத் தெரியும். சாட்டை விளைவின் சரியான உதாரணம். பாஸ் புத்தகம் வந்ததும் கூடுதலாகக் கேட்டால் தன் கணக்கிலிருந்தே பணம் போகும். தேவையற்ற மருந்தை எடுத்து அலமாரியில் காலாவதியாக விட்டால் நட்டம் தன் மருத்துவமனைக்கு. வரவை எழுதுகிறவருக்கும் வரவின் உண்மைக்கும் இடையே முடிச்சு விழுந்தது அப்போதுதான்.

இரண்டாவது சோதனை. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து, குறியீடு இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். ஆலைக்குப் பணம் கிடைப்பதும் அதையொட்டியே. ஆகவே பேட்ச் எண் சரியாகப் பதிவாகவேண்டும் என்பதில் கிடங்கைவிட ஆலைக்கு அவசரம் அதிகம்.

மூன்றாவது, விதிவிலக்குக்கும் ஓர் இடம் வைத்தது. மருந்து நிதியில் பெரும்பகுதி கழகத்தின் வழி. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சிறுபகுதி மருத்துவமனையின் கையில். கண்டிப்பான அமைப்புகள் உடைவது பெரும்பாலும் விதிவிலக்கில்தான். அதை மறைவாகச் செய்யவிடாமல் வெளிப்படையாகவே ஒரு பத்தி திறந்து வைத்தார்கள்.

கேரளமும் ராஜஸ்தானும் பிற மாநிலங்களும் பின்னாளில் இதேபோல் கழகங்கள் அமைத்தன. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, சி-டாக் உருவாக்கிய இ-ஔஷதி மென்பொருள் அதன் முதுகெலும்பாக இருந்தது. தமிழ்நாட்டுக் கழகம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை; தணிக்கை அறிக்கைகளில் அதன் குறைகள் இடம்பெற்றே வந்திருக்கின்றன. நான் சொல்வது வரிசையைப் பற்றி: விதி முதலில், ஏடு அடுத்து, மென்பொருள் அதன்பின்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. கழகம் அரசின் பிடியில் இருக்கும் ஏகபோக வாங்குநர். மருத்துவமனைக்கு வேறு கடை இல்லை, ஆலைக்கு அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வேறு இல்லை. அந்த அதிகாரம் ஆலத்தூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் ஆலைக்கு ஏது? இந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வெளியே அதிகாரம் இல்லைதான். ஆனால் ஆலையின் சொந்தச் சுவருக்குள், ஸ்டோருக்கும் உற்பத்திக்கும் கணக்குப் பிரிவுக்கும் இடையே, பாஸ் புத்தகம் போன்ற ஒரு முடிச்சைப் போட முதலாளிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

5. ஸ்டோர் ரூமுக்குள்

ஒரு மாத்திரை ஆலையை மனதில் வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் டிரம் வந்து இறங்குகிறது. சோதனை முடியும்வரை அது குவாரன்டைனில் இருக்கவேண்டும். டிரம்மின்மேல் மஞ்சள் சீட்டு. தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. உற்பத்திக்குக் கொடுக்கும்போது முதலில் காலாவதியாகும் டிரம் முதலில் போகவேண்டும். முதலில் வந்தது முதலில் என்ற மளிகைக்கடை விதி இங்கே போதாது. எவ்வளவு எடுத்தோம் என்பது பேட்ச் தயாரிப்புப் பதிவேட்டில் ஏறும். செய்த மாத்திரை மறுபடி குவாரன்டைன், மறுபடி சோதனை, பிறகு விற்பனைக் கிடங்கு.

இந்த வழியில் ஒரே டிரம் நான்கு இடத்தில் எழுதப்படுகிறது: ஸ்டோர் நோட்டு, தரக்கட்டுப்பாட்டுப் பதிவேடு, பேட்ச் பதிவேடு, கணக்கு மென்பொருள். நான்கும் ஒரே எண்ணைச் சொன்னால் அது அதிர்ஷ்டம். வழக்கமாக நடப்பது வேறு: ஸ்டோர்காரர் பகலில் நோட்டில் குறித்ததை மாலையிலோ மறுநாளோ யாரோ கணினியில் ஏற்றுகிறார்கள். அதற்குள் பில் போட்டாகவேண்டும். சரக்கு வரவு ஏறாமலே விற்பனை பில் போட்டால், கணினியில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். கடைத்தெருவில் இதற்கு ‘நெகட்டிவ் ஸ்டாக்’ என்று பெயர். பல கணக்கு மென்பொருள்கள் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு இதை அனுமதிக்கின்றன. இல்லாத சரக்கை விற்க முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாததுபோல் இருப்பது, ஏடு சரக்கின் பின்னால் மூச்சு வாங்க ஓடிவருகிறது என்பதற்கான அத்தாட்சி. ஓர் ஆலையின் மெய்யேடு எது என்று அறிய ஆலோசகர் வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை நெகட்டிவ் ஸ்டாக் வந்தது என்று பார்த்தால் போதும்.

இதற்கு நேர்மாறான ஒரு பதிவும் அதே ஆலையில் இருக்கிறது: சரக்கு மற்றும் சேவை வரியின் இ-வே பில். மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும் போகும் சரக்குக்கு 2018 முதல் இது கட்டாயம். நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று இதை யாரும் விடுவதில்லை. பில் இல்லாமல் லாரி கிளம்பினால் வழியில் நிறுத்தப்படும். டிரைவரே கேட்டு வாங்கிக்கொள்வார். இ-வே பில் தளம் அழகானது என்று யாரும் சொன்னதில்லை, கைதேர்ந்த வடிவமைப்பும் அல்ல. ஆனாலும் பதிவு சரக்குக்கு முன்னால் போகிறது, ஏனென்றால் பதிவு இல்லாமல் சரக்கு நகராது. கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கும் ஈ.ஆர்.பி. அமைப்புகள் சாதிக்கத் திணறுவதை இந்த ஒரு விதி சாதித்துவிட்டது.

6. கீழ்நோக்கியும் மேல்நோக்கியும்

மருந்துச் சங்கிலியில் தடம் காண்பதற்கு இரண்டு திசை உண்டு. செய்த மருந்து எங்கே போனது என்பது கீழ்நோக்கிய தடம். மருந்துக்குள் போனது எங்கிருந்து வந்தது என்பது மேல்நோக்கிய தடம். நம் வட்டாரத்தில் அண்மைக்காலத்தில் நடந்த இரண்டு துயரங்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டுகின்றன.

2023 பிப்ரவரி 2 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுமருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. தயாரித்தது ஆலத்தூரில் ஆலை வைத்திருந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர். அமெரிக்காவில் விற்கப்பட்ட பெயர்கள் வேறு. மருந்து எதிர்ப்புத் திறன் கொண்ட சூடோமோனாஸ் கிருமித் தொற்றில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2023 மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். நால்வர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்ததாகப் பதிவானது. போதிய நுண்ணுயிர்ச் சோதனை இல்லாதது, பலமுறை திறந்து பயன்படுத்தும் குப்பியில் போதிய பதனப்பொருள் இல்லாதது முதலிய குறைகளை அமெரிக்க நிர்வாகம் சுட்டியது. காலாவதியாகாத எல்லா லாட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன.

எந்த விநியோகச் சங்கிலி மென்பொருளும் ஒரு குப்பியைக் கிருமியற்றதாக ஆக்காது. என் வாதத்தின் எல்லை அதுதான். ஆனால் இந்த நிகழ்வில் சங்கிலியின் வடிவம் கவனத்துக்குரியது. ஆலத்தூரில் செய்தது ஒருவர், ஏற்றுமதி வழியில் இன்னொருவர், பெயர்ச்சீட்டு மூன்றாமவருடையது, விற்றது இணையக் கடைகளிலும்கூட. இத்தனை கை மாறிய குப்பி கடைசியில் எந்த வீட்டுக் குளியலறை அலமாரியில் இருக்கிறது என்பதை ஆலையின் ஏடு சொல்லமுடியாது. கீழ்நோக்கிய தடம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் அடங்குவதில்லை, பல நிறுவனங்களுக்கு இடையிலான உடன்படிக்கை அது.

இரண்டாவது 2025இல், பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். எஸ்.ஆர்-13 என்ற பேட்சில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. ஆலையை ஆய்ந்தபோது 39 கடும் குறைபாடுகளும் 325 பெரும் குறைபாடுகளும் பதிவாயின. இங்கே பேட்ச் எண்ணைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கீழ்நோக்கிய தடம் கிடைத்தது. இருண்டு கிடந்தது மேல்நோக்கிய தடம்: உள்ளே போன கரைப்பான் எப்படி வந்தது, யார் சோதித்தது, எந்தச் சீட்டின்பேரில் மஞ்சள் பச்சையானது.

நம் சட்டங்கள் மென்பொருளை எந்தத் திசையில் தள்ளியிருக்கின்றன என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறையில் க்யூஆர் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. மூலப்பொருளில் வீரியமுள்ள மருந்துக்கு 2023 ஜனவரி முதல் குறியீடு. ஆனால் கோல்ட்ரிஃபில் கொன்றது வீரியப்பொருள் அல்ல. அதைக் கரைக்கப் பயன்படும் திரவம், துணைப்பொருள், ஸ்டோரில் ‘சாதாரண ஐட்டம்’ என்று எண்ணப்படுவது. ஆலைகளும் இதே சாய்வோடுதான் மென்பொருள் வாங்குகின்றன. விற்பனை, பில், டிஸ்பாட்ச் பகுதிகள் முதலில். சரக்கு உள்வரவு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பணம் வரும் வாசலில் விளக்கைப் போட்டு, விஷம் வரக்கூடிய வாசலை இருட்டில் விடுகிறோம்.

7. தேர்வு, நடைமுறை

மருந்து உற்பத்தி நெறிகளை வகுக்கும் ஷெட்யூல் எம், 2023 டிசம்பரில் வெளியிடப்பட்ட அதன் திருத்திய வடிவில், கணினி அமைப்புகளும் சரிபார்க்கப்பட்டவையாக இருக்கவேண்டும் என்கிறது. 250 கோடி ரூபாய்க்கு உட்பட்ட விற்பனையுள்ள ஆலைகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. ஆகவே ‘வாங்கலாமா’ என்ற கட்டம் முடிந்துவிட்டது. சிறு ஆலைக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: பெரிய ஈ.ஆர்.பி., மருந்துத் தொழிலுக்கென்றே எழுதிய உள்ளூர் மென்பொருள், மாதச் சந்தாவில் கிடைக்கும் பொதுச் சரக்கு மென்பொருள். மூன்றாவது வகையின் பெயர் பெற்ற ஒன்றைச் செய்யும் ஜோஹோவின் தலைமை வளாகம் கூடுவாஞ்சேரியை ஒட்டி, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. விலையையும் வசதியையும் ஒப்பிடும் அட்டவணைகள் வேண்டுமளவு கிடைக்கும். அதில் நான் இறங்கவில்லை.

டெமோவுக்கு வருகிறவரிடம் ஆலை கேட்கவேண்டியது வேறு. மஞ்சள் சீட்டு ஒட்டிய டிரம்மை உற்பத்திக்கு எழுதிக் காட்டச் சொல்லவேண்டும். மென்பொருள் மறுக்கிறதா, எச்சரித்துவிட்டு வழிவிடுகிறதா என்று பார்க்கவேண்டும். நெகட்டிவ் ஸ்டாக்கை அடியோடு பூட்ட முடியுமா என்று கேட்கவேண்டும். நேற்றைய பதிவை இன்று திருத்தினால், முன்பு என்ன இருந்தது, யார் எப்போது மாற்றினார் என்ற சுவடு மிஞ்சுகிறதா? ஒரு கரைப்பான் லாட்டைச் சொன்னால், அது போன எல்லாப் பேட்சுகளையும் எவ்வளவு நேரத்தில் காட்டும்? அதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்டால்? இவற்றுக்கு ‘கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்’ என்ற பதில் வந்தால், அது இல்லை என்பதன் மரியாதையான வடிவம்.

மறுக்கும் மென்பொருளை வாங்குவதோடு முடியாது. மறுக்கும்போது என்ன நடக்கும் என்பதை முதலாளி முன்கூட்டியே தீர்மானித்திருக்கவேண்டும். சனிக்கிழமை மாலை, டெண்டர் ஆர்டர் திங்கட்கிழமை போயாகவேண்டும், சோதனை முடிவு வரவில்லை, மெஷின் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் முதலாளியே தன் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பூட்டைத் திறந்தால், அன்றோடு மெய்யேடு எது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஸ்டோர்காரர் மறுபடி நோட்டுக்குப் போய்விடுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

நிறுவும் வேலையில் காலம் தின்பது பெயர்ப் பட்டியல். ஒரே பொருள் ‘பிசிஎம் 500’, ‘பாராசிட்டமால் ஐ.பி.’, ‘பாரா பவுடர்’ என்று மூன்று பெயரில் கிடக்கும். கிலோவில் வாங்கியது டிரம்மில் இருக்கும், அட்டையில் செய்தது கார்ட்டனில் போகும். இதைத் துப்புரவு செய்ய ஆலையின் ஆள்தான் உட்காரவேண்டும், விற்பவரின் ஆளுக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஆலையை நிறுத்திவிட்டு, அலமாரி அலமாரியாக எண்ணித் தொடக்க இருப்பு ஏற்றவேண்டும். பழைய கணினிக் கணக்கிலிருந்து இருப்பை அப்படியே நகலெடுப்பது செலவைக் குறைக்கும். பழைய பொய்யைப் புதிய வீட்டில் குடிவைக்கவும் செய்யும். பழையதும் புதியதும் சில வாரம் இணையாக ஓடுவது தவிர்க்க முடியாதது. அது எந்தத் தேதியில் முடியும் என்று முதலிலேயே குறித்துவிடவேண்டும். குறிக்காவிட்டால் இரட்டை ஏடு நிரந்தரமாகிவிடும்.

ஸ்டோர்காரருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாஸ் புத்தகம் மருந்தாளுநருக்குத் தன் இருப்பு இவ்வளவு என்ற உரிமையைத் தந்தது. ஸ்டோர்காரருக்கு வழக்கமாகக் கிடைப்பது கூடுதல் வேலையும், கணக்கு உதைத்தால் வசவும்தான். சரக்கு குறைந்தபோது பதிவு அவரைக் காப்பாற்றும் என்றால், மஞ்சள் சீட்டு டிரம்மைக் கேட்டு வரும் உற்பத்தி மேலாளரிடம் ‘சிஸ்டம் விடமாட்டேங்குது’ என்று அவர் சொல்ல முடியும் என்றால், அந்த மென்பொருளை அவரே காவல் காப்பார்.

அவருடைய நீளநோட்டை டெமோவுக்கு முன்பே ஒருமுறை முழுக்கப் படிப்பது நல்லது. தேதி, பொருள், பேட்ச், அளவு ஆகிய பத்திகள் எல்லா மென்பொருளிலும் இருக்கும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். டிரம் மூடி சீல் உடைந்து வந்தது, லாரி இரவில் வந்ததால் எடை போடவில்லை, இன்வாய்ஸில் ஒரு பேட்ச் டிரம்மில் வேறு பேட்ச், போனில் கேட்டதற்கு ஏற்றிக்கொள் என்றார்கள் என்ற வகை வரிகள் அங்கேதான் எழுதப்படும், அநேகமாகப் பென்சிலில்.